டீசல் ஜீப்பின் பம்ப் வால்வை மாற்றினேன்

வண்டி சூடான பிறகுதான் தொல்லை தொடங்கும். ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கித் தடுமாறும்; சில வேளை எஞ்சின் அப்படியே அணைந்துவிடும். எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாயின் அழுத்தம், 300 பார் (அழுத்த அலகு) அளவைச் சுற்றி நிலைகொள்ளாமல் அலைந்தது. பம்பையே மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக். எனக்குச் சம்மதமில்லை. உயர் அழுத்த பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு மின்வால்வு அதன் மேலேயே இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

இந்த வேலையில் திறமையைவிடச் சுத்தமே பெரிது. எஞ்சின் நன்றாக ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பம்பைச் சுற்றியிருந்த மண்ணைக் கழுவி, காற்றடித்துத் துடைத்தேன். காட்டுப்பாதையில் ஓடும் வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் பம்ப் பாழாகிவிடும். பிறகு மின் கனெக்டர், இரண்டு போல்ட்டுகள், இவற்றைக் கழற்றியதும் பழைய வால்வு வந்துவிட்டது, அவ்வளவுதான். புதிய வால்வின் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) டீசல் மட்டும் தடவினேன், கிரீஸ் வேண்டாம். டீசல் ஃபில்டரையும் மாற்றினேன், ஏனெனில் வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் எரிபொருளில் வரும் அழுக்கும் தண்ணீரும்தான்.

கைப்பம்பால் எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தேன். ஸ்கேனரில் பழைய கோளாறுப் பதிவுகளை அழித்து, புதிய வால்வை எஞ்சின் கணினிக்குப் பழக்கியதும் ஐட்லிங் சீரானது.