கை மரத்துப்போகிறதா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

நடு ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வந்து, உதறினால்தான் சரியாகிறது என்றால், பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறது. கார்ப்பல் டன்னல் என்பது இதைத்தான். மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒரு குறுகலான வழியில் 9 தசைநாண்களோடு இந்த நரம்பும் நெருக்கிக்கொண்டு போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும்.

நரம்புச் சத்து மாத்திரை வாங்கும் முன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் பெரும்பாலும் மணிக்கட்டுதான். மோதிரவிரலை நெடுக்காக இரண்டாகப் பிரித்துத் தடவுங்கள்: நடுவிரல் பக்கம் மந்தமாகவும் சுண்டுவிரல் பக்கம் தெளிவாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சுண்டுவிரல் மரத்தால் முழங்கையில் அல்நார் நரம்பைச் சந்தேகியுங்கள். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

இன்னொரு சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க 60 விநாடி வைத்திருங்கள். அதற்குள் அதே விரல்களில் சுருக்கென்றால் கார்ப்பல் டன்னலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மணிக்கட்டுக்கு முதல் வைத்தியம், தூங்கும்போது போடும் ஸ்ப்லின்ட், அதாவது மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கும் தகடு வைத்த பட்டை. தவறு நடப்பதும் இதில்தான். கடையில் வாங்கும் பல ஸ்ப்லின்டுகளில் உள்ளங்கைப் பக்கத்துத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படியே மாட்டினால் மணிக்கட்டு பின்னால் மடிந்து நிற்கும். நரம்புக்கு நிம்மதி இல்லை. தகட்டை உருவி, மேசையில் வைத்து அழுத்தி நேராக்கிச் செருகுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையட்டும். இறுக்கினால் அதுவே நரம்பை அமுக்கும். விரல்கள் தாராளமாக மடங்கட்டும். 6 வாரம், ஒரு ராத்திரி விடாமல் போடுங்கள். நாலு நாளில் கழற்றிவிட்டு 'பலனில்லை' என்பது சரியல்ல.

முழங்கைக்கு, படுக்கும்போது ஒரு தடித்த துண்டைத் தளர்வாகச் சுற்றுங்கள். கை முழுதாக மடங்காது. போனைக் காதில் பிடித்து நெடுநேரம் பேசுவதும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதும் வேண்டாம்.

கை மரப்புக்கு இவையும் காரணமாகலாம் என்பதால், சர்க்கரையையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணியும்.

பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட வராமல் போனாலோ, கட்டைவிரலடிச் சதைமேடு தட்டையானாலோ 6 வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்பு கடத்தல் சோதனை தேவைப்படலாம். வற்றிய சதை, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.