மிதவைப்புள்ளிக் கணக்கு சில நேரம் மட்டும் தப்பாக வருகிறதா? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நிரல், ஒரே உள்ளீடு; கணக்கு மிதவைப்புள்ளி எண்களில், அதாவது கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட பிட்டுகளுக்குள் அடக்கிவைக்கும் முறையில். பலமுறை ஓட்டினாலும் 17.25 என்றே விடை வருகிறது. திடீரென்று ஒருமுறை 17.249998 என்று வந்து சோதனை தோற்கிறது. மறுபடி ஓட்டினால், ஒன்றும் நடக்காததுபோல் 17.25.

இந்த இடத்தில் வழக்கமாகக் காதில் விழும் வாக்கியமே முதல் தவறு: "ஃப்ளோட் என்றால் அப்படித்தான், துல்லியம் இருக்காது." துல்லியம் குறைவது வேறு, விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது வேறு. டபுளில் (64 பிட் மிதவைப்புள்ளி எண்; ஃப்ளோட் 32 பிட்) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கணிதப்படி அது பிசகுதான். ஆனால் கோடி முறை கூட்டினாலும் அதே பிசகுதான் வரும். மிதவைப்புள்ளிக் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் 1985-ல் வந்ததிலிருந்து கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய அடிப்படைச் செயல்களின் விடை கடைசி பிட் வரை வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதே பிட்டுகளை, அதே வரிசையில், அதே துல்லியத்தில், அதே ரவுண்டிங் (இடம் போதாத இலக்கங்களை முழுமைப்படுத்தும்) முறையில் கணக்கிட்டால் அதே விடைதான் வந்தாக வேண்டும். விடை மாறுகிறது என்றால் இவற்றில் ஒன்று உங்களுக்குத் தெரியாமல் மாறியிருக்கிறது.

பிராசஸர் மேல் பழிபோடுவதும் அவசரம்தான். 1994-ல் வெளிச்சத்துக்கு வந்த பென்டியம் வகுத்தல் கோளாறில்கூட, 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் 1.33374 வந்தது, ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தது. கோளாறான சிப்புகூடத் தன் தவறில் நிலையாகவே இருந்தது.

அடுத்தது, திரையில் அச்சிட்டுப் பார்த்து "இரண்டும் ஒன்றுதானே" என்று முடிவு கட்டுவது. பல மொழிகளில் வழக்கமான அச்சு ஆறேழு இலக்கங்களோடு நின்றுவிடும். டபுளின் மதிப்பை ஐயமில்லாமல் அடையாளம் காண 17 இலக்கங்கள் வேண்டும்; ஃப்ளோட்டுக்கு 9 போதும். அதைவிட, பிட்டுகளைப் பதினாறடி எண்முறையில் (ஹெக்ஸ்) அச்சிட்டு ஒப்பிடுவதே நல்லது. உள்ளீட்டையும் அதே போலப் பாருங்கள். "ஒரே உள்ளீடு" என்று நம்பியது, ஒருமுறை நினைவகத்திலிருந்து நேராகவும் மறுமுறை ஆறு இலக்கங்களில் சேமித்த கோப்பிலிருந்தும் வந்திருக்கும். அப்படியானால் தேடல் அங்கேயே முடிந்தது.

அச்சிடும் வரியைச் சேர்த்த உடனே பிழை மறைந்துவிடுகிறதா? அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பிழை போகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. பழைய 32 பிட் இன்டெல் நிரல்களில் இது நடக்கும் விதம் சுவையானது. மிதவைப்புள்ளிக் கணக்கைச் செய்யும் எக்ஸ்87 அலகின் ரெஜிஸ்டர்கள் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) 80 பிட் அகலம். அவற்றில் எண்ணின் இலக்கப் பகுதிக்கு 64 பிட் இடம். நினைவகத்துக்குப் போகும் டபுளில் அதே பகுதிக்கு 53 பிட்தான். ஒரு வகுத்தலின் விடையை மாறியில் போட்டுவிட்டு, அடுத்த வரியில் அதே வகுத்தலை மீண்டும் செய்து அந்த மாறியோடு ஒப்பிடுங்கள். மாறி நினைவகத்துக்குப் போய்வந்ததால் சுருங்கியிருக்கும். புதிய விடையோ ரெஜிஸ்டரிலேயே முழு அகலத்தில் இருக்கும். இரண்டும் சமமில்லை என்று நிரல் சொல்லும். நடுவே ஓர் அச்சு வரியைச் சேர்த்தால் கம்பைலர் எதை ரெஜிஸ்டரில் வைப்பது, எதை நினைவகத்துக்கு அனுப்புவது என்ற ஏற்பாடே மாறும், இரண்டும் சமமாகிவிடும். ஜிசிசி கம்பைலரின் 323-ஆம் எண் பிழைப் பதிவு இதைப் பற்றியதுதான். 64 பிட் நிரல்களில், டபுளை டபுள் அகலத்திலேயே கணக்கிடும் எஸ்எஸ்இ2 கட்டளைகள் வழக்கமாகிவிட்டதால் இந்தத் தொல்லை பெரிதும் ஓய்ந்துவிட்டது.

ஓய்ந்ததும் அதன் இடத்துக்கு வேறொன்று வந்தது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்து, ஒரே ஒருமுறை மட்டும் ரவுண்டிங் செய்யும் வசதி இன்றைய பிராசஸர்களில் இருக்கிறது. எஃப்எம்ஏ என்பார்கள். துல்லியத்துக்கு நல்லதுதான். ஆனால் அ×அ − ஆ×ஆ என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாறிகளிலும் 0.1. விடை பூஜ்யம் என்று குழந்தைக்கும் தெரியும். கம்பைலர் முதல் பெருக்கலைக் கழித்தலோடு இணைத்துவிட்டால், ரவுண்டிங் ஆகாத ஒரு பெருக்கத்திலிருந்து ரவுண்டிங் ஆன பெருக்கம் கழிக்கப்படும். விடை சுமார் −8.3 × 10⁻¹⁹. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் விடையே எண் அல்ல, நேன்! ஒரே செயற்கூறு ஓரிடத்தில் இணைக்கப்பட்டும் மற்றோரிடத்தில் இணைக்கப்படாமலும் இருக்கலாம். கம்பைலர் எந்தப் பிராசஸருக்காக நிரலை உருவாக்கியது என்பதைப் பொறுத்தும் விடை மாறும். ஆப்டிமைசேஷனை (கம்பைலர் வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்களை) மொத்தமாக அணைத்துத் தப்பிப்பது சோம்பேறித்தனம். இந்த இணைப்பை மட்டும் அணைக்க ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும் தனி ஆப்ஷன் இருக்கிறது. அணைத்துப் பார்த்து ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பல திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) சேர்ந்து ஒரு கூட்டுத்தொகையை உருவாக்கும் நிரலில், பூட்டு (லாக்) போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது இன்னொரு பரவலான தவறு. பூட்டு இருவரை ஒரே நேரத்தில் கைவைக்கவிடாது, அவ்வளவுதான். யார் முதலில் கூட்டுகிறார் என்பதை அது தீர்மானிக்காது. மிதவைப்புள்ளிக் கூட்டலிலோ வரிசைக்குத்தான் மதிப்பு: டபுளில் 10¹⁶-உடன் 1-ஐக் கூட்டி, பிறகு 10¹⁶-ஐக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. எந்தத் திரெட் முந்துகிறதோ அதற்கேற்ப விடை. ஒரே திரெட்டிலும் இது நடக்கலாம். எண்கள் வரிசையாக இருக்கும் அணி (அரே) நினைவகத்தில் எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து, எண்களை வெவ்வேறு விதமாகக் கூறுபோட்டுக் கூட்டும் வேகமான நூலகங்கள் உண்டு. முகவரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடியது. இன்டெல்லின் எம்கேஎல் என்ற கணித நூலகத்தில் விடையை நிலைப்படுத்தவென்றே ஒரு தனி முறை இருப்பது இதனால்தான். உங்கள் நிரலில் செய்யக்கூடியது: தரவை நிலையான அளவுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் தொகையையும் அதற்கான இடத்தில் எழுதிவைத்து, கடைசியில் துண்டு எண் வரிசைப்படி கூட்டுவது. துண்டின் அளவு திரெட்டுகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கக் கூடாது. கஹானின் ஈடுசெய்யும் கூட்டல், அதாவது ஒவ்வொரு கூட்டலிலும் விடுபட்டதை நினைவில் வைத்து அடுத்ததில் சேர்க்கும் முறை, பிழையைக் குறைக்கும். ஆனால் எல்லா வரிசையிலும் ஒரே விடை என்று உறுதி தராது. வேகத்துக்காக ஐஇஇஇ விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் அந்த ஈடுசெய்யும் பகுதியே தேவையற்றது என்று கம்பைலர் தூக்கி எறிந்துவிடவும் கூடும்.

தன் நிரலை மட்டும் சந்தேகிப்பதும் தவறுதான். ரவுண்டிங் முறையும், மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் அமைப்பும் பிராசஸரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் மாற்றிவிட்டுப் போகலாம். வரைகலை நூலகமான டைரக்ட்3டி 9, சிறப்பாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால், எக்ஸ்87 அலகின் துல்லியத்தை ஃப்ளோட் அளவுக்குக் குறைத்துவிடும். ஜிசிசியின் பழைய பதிப்புகளில் ஃபாஸ்ட்-மேத்துடன் உருவாக்கிய ஒரு பகிர்வு நூலகத்தை ஏற்றினாலே, ஏற்றிய திரெட்டில் சிறு எண்கள் பூஜ்யமாகத் தொடங்கும். பயனர் ஒரு குறிப்பிட்ட வசதியைத் திறந்த பிறகே கணக்கு பிசகுகிறது என்றால், நிரல் தொடங்கும்போதும் பிசகும் இடத்திலும் அந்த ரெஜிஸ்டரைப் படித்து ஒப்பிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், முதலில் பார்க்க வேண்டியது தொடக்க மதிப்பு தரப்படாத மாறியைத்தான். குப்பை மதிப்பு பெரும்பாலும் பூஜ்யமாக இருந்து, எப்போதாவது மட்டும் வேறாகும். நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வால்கிரைண்ட் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வால்கிரைண்ட் 80 பிட் கணக்கையும் 64 பிட்டிலேயே செய்வதால், அதனுள் ஓட்டும்போது விடையே மாறினால் திகைக்க வேண்டாம்.

சோதனை தோற்கும்போதெல்லாம் அனுமதிக்கும் வித்தியாசத்தைப் பத்து மடங்கு கூட்டிக்கொண்டே போவது ஒரு தீராத பழக்கம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மொழி தரும் எப்சிலான் மாறிலியை எல்லா அளவு எண்களுக்கும் போடுவது. அது 1-க்கு அருகில் இருக்கும் இடைவெளி, சுமார் 2.2 × 10⁻¹⁶. 10 லட்சத்துக்கு அருகில் டபுள்களின் இடைவெளியே சுமார் 1.2 × 10⁻¹⁰. அங்கே எப்சிலானோடு ஒப்பிடுவதும் நேரடியாகச் சமமா என்று கேட்பதும் ஒன்றே. நேன் வந்துவிட்டால் ஒப்பீடே அர்த்தமற்றது. அது தனக்குத்தானே சமமில்லை. வரிசைப்படுத்தும் பட்டியலில் ஒரு நேன் புகுந்தால், மற்ற எண்களின் வரிசையும் கலையலாம். லினக்ஸில் சி மொழிக்கான ஜிலிப்சி நூலகம், நேன் உருவாகும் கணத்திலேயே நிரலை நிறுத்திவிட வசதி தருகிறது. அதைப் பயன்படுத்தாமல் கடைசி விடையிலிருந்து பின்னோக்கித் தேடுவது வீண்பாடு.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வழி: கணக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பிட்டுகளை நினைவகத்தில் ஓர் அணியில் சேமித்து, ஓட்டம் முடிந்த பிறகு மட்டும் கோப்பில் எழுதுங்கள். நடுவில் எழுதினால் திரெட்டுகளின் நேரமும் மாறிவிடும். சரியான ஓட்டத்தையும் தவறிய ஓட்டத்தையும் அருகருகே வைத்து முதல் வித்தியாசத்தைத் தேடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் போன பிட்டுகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வரிசையையும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரையும் கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளையும் பாருங்கள். உள்ளே போனதே வேறு என்றால், உங்கள் பதிவில் இன்னும் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது.