பொருளுக்கு முன் காற்று: நலமான உட்புற இடங்களை அமைக்கும் முறை

வீட்டின் உட்புறத்தை உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏற்றபடி அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் பொருள்களிலிருந்தே தொடங்குகிறார்கள். மூங்கில் தரையும் இயற்கைச் சாயம் ஏற்றிய திரைகளும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், ஈரம் எங்கே தங்கும், பகல் வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற மூன்றையும் தீர்மானித்த பிறகே பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவற்றில் பிழை நேர்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல பொருளை வாங்கி வைத்தாலும் அந்தப் பிழை திருந்தாது.

காற்றோட்டத்துக்கு, ஒரே சுவரில் இருக்கும் பெரிய சன்னலைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கும் இரண்டு சிறிய திறப்புகள் கூடுதலாக உதவும். சூடான காற்று மேலே எழுவதால், வெளியேறும் திறப்பு கூரைக்கு அருகில் இருப்பது நல்லது. அறையின் வரைபடத்தில் காற்று செல்லும் பாதையை முதலில் கோடாக வரைந்துகொண்டு, உயரமான அலமாரியோ தடுப்போ அதை மறிக்காதபடி மற்றவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் உள்ளது. இருவர் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு உறங்கும் அறையில் விடிவதற்குள் அது 1000 பங்கை எளிதாகத் தாண்டிவிடும். அந்த அளவு தன்னளவில் பெரிய ஆபத்து இல்லை என்றாலும், அறையின் காற்று போதிய அளவு மாறவில்லை என்பதற்கும், மற்ற மாசுகளும் அதனுடன் சேர்ந்து தேங்குகின்றன என்பதற்கும் அது நம்பத்தக்க அடையாளம். வெளியே புகையும் தூசியும் மிகுந்த நேரங்களில் சன்னலை மூடி, ஹெபா வடிகட்டி உள்ள சுத்திகரிப்பானை இயக்கலாம். ஆனால் அந்த வடிகட்டி துகள்களைப் பிடிக்குமே தவிர, வாயுக்களைப் பிடிக்காது. எரிவாயு அடுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுவதால், சமையலறைப் புகைபோக்கி காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடாமல் குழாய் வழியே வெளியே தள்ளுவதாக இருக்க வேண்டும்.

ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாக ஏற்றது. அதற்கு மேல் நெடுநாள் நீடித்தால் பூஞ்சையும் தூசிச் சிற்றுண்ணிகளும் பெருகும். ஈரம் கசியும் சுவரின் மேல் நீர்புகா பெயிண்டைப் பூசி மறைப்பது பலரும் செய்யும் தவறு. நீர் வரும் வழியை அடைத்து, சுவர் முழுவதும் உலர்ந்த பிறகே பூச்சைத் தொடங்க வேண்டும். நீராவியைத் தடுக்காத சுண்ணாம்புப் பூச்சு இத்தகைய சுவர்களுக்குப் பொருந்தும். அதன் காரத்தன்மை பூஞ்சை வளர்வதையும் கடினமாக்குகிறது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்கும்போது, பின்னால் காற்று புகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் வரை பயன்படத்தக்க பகல் ஒளி உள்ளே வரும் என்று கணக்கிட்டு, படிக்கவும் வேலை செய்யவும் உள்ள இடங்களை அந்த எல்லைக்குள் அமைக்கலாம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பது உள்திரையைவிடப் பயன் மிக்கது, ஏனெனில் கண்ணாடியைக் கடந்த வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். இரவில் 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. விளக்குகள் போதும், நீலம் மிகுந்த ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது.

இனிப் பொருள்களுக்கு வருவோம். உட்புறக் காற்றைக் கெடுப்பவற்றுள் நாமே விலை கொடுத்து உள்ளே கொண்டுவருவது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., பிளைவுட் ஆகியவற்றில் மரத்தூளையும் மென்தகடுகளையும் ஒட்டுவதற்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் பரவலாகப் பயன்படுகிறது. அது சிறிது சிறிதாகச் சிதைந்து வெளியிடும் வாயு கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதுடன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் 2004இல் வகைப்படுத்தப்பட்டது. அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வெப்பமும் ஈரமும் கூடினால் வெளியேற்றமும் கூடும் என்பதால், மேலே சொன்ன காற்றும் ஈரமும் இங்கே மீண்டும் வந்து சேர்கின்றன. பலகை வாங்கும்போது, ஃபார்மால்டிஹைடு வெளியேற்றத்துக்கு வரம்பு வைக்கும் இ1 என்ற ஐரோப்பியத் தரம் அல்லது அதைவிடக் கடுமையான தரத்துக்கான சான்றைக் கேளுங்கள்; ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பிசினில் செய்தது கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். லேமினேட் ஒட்டிய பரப்பைவிட அறுத்த விளிம்புகளிலிருந்தே வாயு அதிகம் கசிகிறது. ஆகவே கண்ணில் படாத பின்புறம், அடிப்புறம் உட்பட எல்லா விளிம்புகளுக்கும் பட்டை ஒட்டச் சொல்லி, தச்சர் வேலையை முடிக்கும்போது நேரில் சரிபாருங்கள்.

பெயிண்டிலும் வார்னிஷிலும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைந்தவற்றையே வாங்க வேண்டும். அடிப்படைப் பெயிண்டுக்குச் சான்று இருந்தாலும், கடையில் கலக்கும் நிறமிகள் அந்த அளவை உயர்த்தக்கூடும் என்பதால் அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வாசனை இல்லாததாலேயே ஒரு பூச்சு பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிட முடியாது. பழைய கட்டடத்தில் பெயிண்டை உலர்நிலையில் உரசுவதற்கு முன் ஈயச் சோதனை செய்வது கட்டாயம்; ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை, மிகுந்த பாதிப்புக்கு உள்ளாவது குழந்தைகள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், துளையிடுவதையும் உடைப்பதையும் நிறுத்திப் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

சுற்றுச்சூழல் நோக்கில் மிகச் சிறந்த பொருள் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதே. உறுதியான பழைய மரக் கட்டிலைச் செப்பனிட்டால் புதிய மரமும் பிசினும் போக்குவரத்து எரிபொருளும் மிச்சமாகின்றன. அதிலிருந்து வெளியேற வேண்டிய வாயுக்களில் பெரும்பகுதியும் முன்பே வெளியேறியிருக்கும். புதிதாகச் செய்பவற்றைப் பசையால் நிரந்தரமாக ஒட்டாமல், திருகாணியால் கழற்றி மாட்டும்படி செய்யச் சொன்னால் பிற்காலத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற இயலும்.

தொட்டிச் செடிகளைக் கண்ணுக்கும் மனத்துக்கும் இதமாக வையுங்கள், ஆனால் காற்றைத் தூய்மையாக்கும் கருவியாக எண்ண வேண்டாம். அந்த எண்ணத்துக்கு அடித்தளமான 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வு, காற்று வெளியேறாதபடி மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. வெளிவந்த ஆய்வுகளை மீளாய்ந்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று கணக்கிட்டது.

வேலையின் கடைசிக் கட்டத்தில் அவசரம் கூடாது. சுவர்ப்பூச்சு உலர்ந்த பின்னரே மரச் சாமான்கள் உள்ளே வர வேண்டும்; பஞ்சும் துணியும் சுற்றியுள்ள வாயுக்களை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் மெத்தைகளும் திரைகளும் அவற்றுக்குப் பிறகு வர வேண்டும். அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்து, குடியேறும் முன் சில வாரங்கள் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். குழந்தைக்கான அறையாக இருந்தால் இந்தக் காலத்தை இன்னும் நீட்டித்து, அறை நறுமணத் தெளிப்பான் எதையும் அங்கே பயன்படுத்தாமல் இருங்கள்.