64 சிசிடிவி கேமராவுக்கு ரெக்கார்டிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? காசு எங்க வீணாகுதுன்னு பாத்துட்டு போங்க

கடலூர், பாண்டி பக்கம் கம்பெனி, காலேஜ், ஜவுளிக்கடைன்னு அம்பது கேமராவுக்கு மேல போடுறவங்க கையில இருக்குற கொட்டேஷன் பெரும்பாலும் ஒரே அச்சுலதான் இருக்கு. கோர் ஐ9, 64 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கடைசி வரியில போனா போகுதுன்னு 8 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. கேம் ஆடுற பையனுக்கு வேணா இந்த பொட்டி நல்லா இருக்கும், ரெக்கார்டிங்குக்கு இல்ல.

ஏன்னா வீடியோவ சுருக்குற வேலைய கேமராவே முடிச்சுதான் அனுப்புது. சர்வர், அதாவது ரெக்கார்டிங் பொட்டி, செய்யறது வர்றத வாங்கி டிஸ்க்ல எழுதறது மட்டும்தான், அதுக்கு பெரிய ப்ராசஸர் எதுக்கு? ப்ராசஸருக்கு உண்மையான வேலை வர்றது ரெண்டு இடத்துல, ஒண்ணு வீடியோவ திரும்ப விரிச்சு ஸ்க்ரீன்ல காட்டும்போது, இன்னொண்ணு மோஷன், அதாவது அசைவு, கண்டுபிடிக்கிறத கேமராவுல விடாம சர்வர்ல வைக்கும்போது. அதனால கேமரா எண்ணிக்கைய வச்சு பொட்டி வாங்காதீங்க, பிட்ரேட்ட, அதாவது செகண்டுக்கு எவ்வளவு டேட்டா வருதுங்கறத, வச்சு வாங்குங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். 1 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு ஒரு மெகாபிட்) ஓடுற ஒரு கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி எழுதும். 4 மெகாபிக்சல் கேமரா, எச்.265ங்கற சுருக்குற முறையில, 4 எம்பிபிஎஸ்னு வைங்க. 64 கேமராவுக்கு 256 எம்பிபிஎஸ், அப்படின்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2.76 டிபி, 30 நாளைக்கு 83 டிபி. இப்ப அந்த 8 டிபிய பாருங்க, மூணு நாள் கூட முழுசா தாங்காது. பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில மூட்டை குறையுதுன்னு ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப்போச்சு, சிஸ்டத்துல போய் பாத்தா முந்தாநாளுக்கு முன்னாடி எதுவுமே இல்ல, பழசு மேலயே எழுதிட்டு போயிருக்கு.

"மோஷன் ரெக்கார்டிங் போட்டா பாதி மிச்சம் சார்"னு சொல்வாங்க, அதாவது ஏதாவது அசைஞ்சா மட்டும் எழுதறது. ஏசி ரூமுக்குள்ள ஓகே. தேவனாம்பட்டினம் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல தென்னமட்டை ஆடிக்கிட்டே இருக்கும், ராத்திரியானா கேமராவோட ஐஆர் (இன்ஃப்ராரெட்) வெளிச்சத்துக்கு பூச்சி வரும், பூச்சிய தேடி சிலந்தி லென்ஸ் முன்னாடியே வல கட்டும், அந்த வல ஆடுறது பூரா மோஷன்தான். ராத்திரி படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் வேற இருக்கும், மேக்ஸ் பிட்ரேட் லிமிட் போடலைன்னா அது டிஸ்க்க இன்னும் தின்னும். வெளிய இருக்குற கேமராவுக்கு 24 மணி நேரமும் எழுதுதுன்னே கணக்கு போடுங்க.

டிஸ்க்குலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். சாதா டெஸ்க்டாப் டிஸ்க் வருஷத்துக்கு 55 டிபி வேலைக்குன்னு கம்பெனியே டேட்டாஷீட்ல போட்டிருப்பான். நம்ம 64 கேமரா வருஷத்துக்கு ஆயிரம் டிபிக்கு மேல எழுதுது. 16 டிபி டிஸ்க் எட்டு போட்டு ரெய்டு 6 பண்ணா (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து, ரெண்டு டிஸ்க் அளவு இடத்த பாதுகாப்புக்கு ஒதுக்குற முறை) ஒரு டிஸ்க் தலையில 168 டிபி விழும், அதாவது மூணு மடங்கு. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி சர்வேலன்ஸ் டிஸ்க்குக்கு 180 டிபி, பர்ப்பிள் ப்ரோ, ஸ்கைஹாக் ஏஐ ரகத்துக்கு 550 டிபி. 168க்கும் 180க்கும் நடுவுல மூச்சு விடவே இடம் இல்ல, நாளைக்கு பத்து கேமரா சேத்தா தாண்டிரும், ஆக 550 ரகமே எடுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை கம்மியா இருக்குன்னு, டிராக் மேல டிராக் ஏத்தி எழுதுற எஸ்எம்ஆர் டிஸ்க்க தூக்கிட்டு வந்துராதீங்க, ரெய்டுல ஒரு டிஸ்க் போயி, புது டிஸ்க்ல டேட்டா திரும்ப எழுதி ரீபில்ட் ஆகும்போது அது எழுத முடியாம திணறும், கண்ட்ரோலர் அதையும் செத்துப்போச்சுன்னு கழட்டி விட்டுரும்.

ஒரு டிஸ்க் போனா மட்டும் தாங்குற ரெய்டு 5 போதாதான்னு கேப்பீங்க. பெரிய டிஸ்க் ரீபில்ட் ஆக ஒரு நாளுக்கு மேலயே ஆகும், அந்த நேரத்துலயும் 64 கேமரா எழுதிக்கிட்டேதான் இருக்கும், இன்னொண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு. ரெய்டு 6ல ரெண்டு போனாலும் நிக்கும். எட்டுல ஆறுதான் கணக்குல வரும், 96 டிபி, விண்டோஸ்ல பாத்தா 87னு காட்டும், டீலர் ஏமாத்திட்டான்னு சண்டைக்கு போகாதீங்க, அது எண்ணுற முறைதான் வேற.

அடுத்து லைவ் வியூ. முதலாளி ரூம்ல 4கே டிவி மாட்டி 64 கேமராவும் ஒண்ணா தெரியணும்பாங்க. தெரியட்டும், ஆனா ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கிறது 480க்கு 270 பிக்சல்தான், அதுக்குள்ள 4 மெகாபிக்சல் மெயின் ஸ்ட்ரீம (கேமராவோட முழு தர வீடியோ) விரிச்சு திணிச்சா எந்த ப்ராசஸரும் கதறும். கட்டத்துல அதே கேமரா அனுப்புற சின்ன சைஸ் சப் ஸ்ட்ரீம், ஒண்ண கிளிக் பண்ணி பெருசாக்கும்போது மட்டும் மெயின், இப்படி செட் பண்ணா ஒரு ஐ5 போதும். ஆனா பேருக்கு பின்னாடி எஃப்னு இருக்குற இன்டெல் ப்ராசஸர எடுக்காதீங்க, கொஞ்சம் விலை கம்மிதான், உள்ள கிராபிக்ஸே இருக்காது, வீடியோவ விரிக்கிற வேலைய எடுத்துக்குற குவிக் சிங்க் கிடைக்காது. ரெக்கார்டிங் பொட்டி வேற, பாக்குற பொட்டி வேறயா இருக்கணும். செக்யூரிட்டி பையன் யூடியூப் பாக்குற கம்ப்யூட்டர்லயே ரெக்கார்டிங்கும் ஓடுறத நிறைய இடத்துல பாத்தாச்சு.

கம்ப்யூட்டருக்கு பதிலா என்விஆர் (ரெக்கார்டிங்குக்குன்னே வர்ற பொட்டி) வாங்குறவங்களுக்கும் ஒண்ணு. 64 சேனல்னு டப்பா மேல போட்டிருக்கறத நம்பி முடிவு பண்ணாதீங்க, இன்கமிங் பேண்ட்வித் எத்தன எம்பிபிஎஸ்னு பாருங்க, அது 256ன்னு இருந்தா நம்ம கணக்குக்கு விளிம்புல நிக்குது.

ஸ்விட்ச் விஷயத்துல வர்ற ஒரு கூத்து இருக்கு. பகல் பூரா எல்லா கேமராவும் ஜம்முன்னு ஓடும், சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சதும் நாலஞ்சு கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகும், காலையில பாத்தா மறுபடி சரியா இருக்கும். ஆள வரவச்சு கேமராவ மாத்துவாங்க, கேபிள மாத்துவாங்க. விஷயம் என்னன்னா 24 போர்ட் பிஓஇ ஸ்விட்சோட (நெட்வொர்க் கேபிள்லயே கேமராவுக்கு கரண்டும் தர்றது) மொத்த பவர் 185 வாட்னு வைங்க, ஐஆர் எரிஞ்சா கேமராவுக்கு 8 வாட், 24க்கு 192 ஆச்சு. ஒரு போர்ட்டுக்கு 30 வாட் தரும்னு எழுதியிருக்கும், எல்லா போர்ட்டுக்கும் ஒரே நேரத்துல தரும்னு யாரும் சொல்லல. மொத்த பட்ஜெட்ட கேட்டு வாங்குங்க. ஸ்விட்ச்ல இருந்து சர்வர் பக்கம் போற அப்லிங்க் கிகாபிட்டா இருக்கணும், நடுவுல எங்கயாவது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒண்ணு கெடந்தா அதுக்கு பின்னாடி 24 கேமரா தாங்காது. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுன சிசிஏ கேபிள் வேணவே வேணாம்.

நம்ம ஊருக்குன்னு இருக்குறது தண்ணியும் கரண்டும். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் வந்தப்ப பாண்டியில ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. கீழ்த்தளத்துல மாடிப்படிக்கு அடியில ரேக் வச்சவங்க நிலமைய நீங்களே யோசிச்சுக்குங்க. மாடியில வைங்க. ஏசிக்கு பதிலா ஜன்னல தொறந்து வைக்காதீங்க, உப்புக்காத்துல கனெக்டர் பின்னெல்லாம் பூத்துரும். 2011ல தானே புயல் அடிச்சு நாள் கணக்குல கரண்ட் இல்லாம கிடந்த ஊர் இது, புயல் பூரா ஓட்டுற அளவுக்கு பேட்டரி போட முடியாதுதான், ஆனா கேமராவுக்கு 512 வாட், சர்வர், ஸ்விட்ச் எல்லாம் சேத்து 850 வாட் இழுக்குற இடத்துல 1 கேவிஏ வீட்டு இன்வெர்ட்டர் வச்சுட்டு போறது ரொம்ப ஓவர். ஆன்லைன் யூபிஎஸ் 2 கேவிஏ வைங்க, பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி சர்வர் தானா ஷட்டவுன் ஆகுற மாதிரி யூபிஎஸ்ல இருந்து சர்வருக்கு கேபிளும் குத்தி வைங்க, திடீர்னு நின்னா ரெய்டு கெடும்.

டைம் சிங்க் பண்ணாம விடுறாங்க, கேமராவுக்கு ஒரு மணி சர்வருக்கு ஒரு மணின்னு இருந்தா போலீஸ் கேக்கும்போது பதில் சொல்றது கஷ்டம், எல்லாத்துக்கும் ஒரே மணி காட்ட வைக்கிற என்டிபி போட ரெண்டு நிமிஷம்தான்.

பேமெண்ட்ல பத்து பர்சன்ட்ட நிறுத்தி வைங்க. 30 நாள் முடிஞ்சதும் போய் உக்காந்து, முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி வீடியோவ நாலு வேற வேற கேமராவுல ஓட்டிப்பாருங்க, அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு டிஸ்க்க உருவச் சொல்லுங்க, ரெக்கார்டிங் நிக்காம ஓடுச்சுன்னா புது டிஸ்க்க போட்டு ரீபில்ட் முடியுதான்னு பாத்துட்டு மிச்ச காசு குடுங்க.