மூன்று சுப்பிரமணிய ஐயர்கள்: ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்து அறிவது எப்படி?

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் சிலை இருக்கிறது. அதைப் பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர், "'இந்து' பத்திரிகை ஆரம்பித்தவர் இவர்தானே சார்?" என்று கேட்டார். இல்லை, அவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஒருவர் பாடுபட்டுச் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிறோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய ஆட்களைப் பற்றித் தேடத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு தாளில் கட்டம் போடுங்கள்

ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், இனிஷியல், பிறந்த வருடம், இறந்த வருடம், ஊர், செய்த வேலை. பெயரை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். 'அய்யர்' என்றிருந்தால் 'ஐயர்' என்று திருத்த வேண்டாம். பிறகு தேடும்போது அந்த எழுத்துதான் கைகொடுக்கும்.

படி 2: இனிஷியலை விரித்துப் பாருங்கள்

நம் ஊரில் இனிஷியல் என்பது பெரும்பாலும் அப்பா பெயர், சில சமயம் ஊர்ப் பெயரும் சேரும். ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'ஜி', அவர் தந்தை கணபதி. வ.வே.சு. ஐயரும் சுப்பிரமணிய ஐயர்தான். திருச்சி வரகனேரி என்ற ஊரும், தந்தை வேங்கடேசரும் முன்னால் நிற்கிறார்கள். தமிழ் அச்சில் 'க', ஆங்கில வழியில் வந்தால் 'ஜி' என்று ஒரே எழுத்து இரண்டு வேஷம் போடும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

படி 3: வருடத்தையும் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்

வருடம் மட்டும் போதாது. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் இந்த எஸ்., ஜி. இருவருமே இருந்தார்கள்! ஒரே வருடம், ஒரே கூட்டம், ஒரே பெயர். அங்கே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி. இங்கேதான் வேலை உதவும்:

எஸ். (1842–1924): மதுரைக்காரர், உயர் நீதிமன்ற நீதிபதி, 'மணி ஐயர்'. சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்.

ஜி. (1855–1916): பத்திரிகையாளர். 1878-ல் நண்பர்களோடு 'இந்து', 1882-ல் 'சுதேசமித்திரன்'.

வ.வே.சு. (1881–1925): புரட்சியாளர், சிறுகதை எழுத்தாளர்.

'நீதிபதி', 'பத்திரிகையாளர்' என்று பக்கத்தில் ஒரு சொல் கிடைத்தாலே ஆள் பிடிபட்டுவிடுவார்.

படி 4: தாத்தா பெயரைச் சந்தேகியுங்கள்

'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். குடும்ப மரம் எழுதும்போது ஒரே பெயர் 50, 60 வருட இடைவெளியில் திரும்ப வந்தால், அது இரண்டு பேர் என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோழர்களும் இப்படித்தான் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றிச் சூடினார்கள். வெறும் 'கோப்பரகேசரி' என்று கல்வெட்டில் இருந்தால் எந்தச் சோழன் என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து ஒரு நாளில் போய் வரக்கூடிய உத்திரமேரூரில், 'மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர்' என்று வெட்டியிருக்கிறது. மதுரையை வென்றவன் என்ற அந்த இரண்டு சொல்லால்தான் அது முதலாம் பராந்தகன் என்று தெரிகிறது. அடைமொழி வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

படி 5: மொழியைக் கேளுங்கள்

மெரினாவில் சிலையாக நிற்கும் ஔவையை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவர் சங்க காலத்து ஔவை. ஆத்திசூடி பாடியவர் பல நூறு வருடம் பிந்தியவர். புறநானூற்றுப் பாட்டு ஒன்றையும் 'அறம் செய விரும்பு' என்பதையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள், காதே சொல்லிவிடும்.

அப்புறம், எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத் தாளோடு பென்சிலும் எடுத்துப் போங்கள். இரண்டு கட்டமாவது பொருந்தாமல் இருவரை ஒரே வரிசையில் சேர்க்க வேண்டாம். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விட்டு வையுங்கள்.