ஏற்றுமதி வளர்ந்தால் ஆறு தானாகத் தெளியுமா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதலில் தொழில் வளரட்டும், கையில் காசு வந்ததும் மாசைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவது சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு. வருமானம் கூடக்கூட மாசு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்கிறது அது. இதை எல்லா மாசுக்கும் பொருத்துவது முதல் தவறு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் நாஃப்டா வணிக ஒப்பந்தத்தை ஒட்டி 1991-ல் பொருளாதார அறிஞர்கள் கிராஸ்மன், குரூகர் இருவரும் செய்த ஆய்வில் அந்த இறக்கம் தெரிந்தது கந்தக டை ஆக்சைடு, புகை ஆகியவற்றில்தான். கரியமில வாயுவுக்கு அப்படியொரு இறக்கத்தை நம்பியிருக்க முடியாது. கண் எரிந்தால் ஊர் கொதிக்கும், சட்டம் வரும். கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கு அந்த நெருக்கடி வருவதில்லை.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது, ஊரின் ஊடே ஓடும் நொய்யல் ஆறு தெளியவில்லை. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை உண்மையாகவே கட்டாயமானது. ஆற்றுக்காகப் பேசியது வருமானம் அல்ல, வழக்கு.

அடுத்த தவறு, நிறம் போனால் தண்ணீர் சுத்தம் என்று நம்புவது. பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசும் நீரோடு வெளியேறிவிடும். அந்தக் கழிவுநீரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படிந்துவிடும், உப்பு அப்படியே கரைந்திருக்கும். அதைப் பிரிக்க, சவ்வு வழியே நீரை வடிக்கும் ஆர்.ஓ.வும் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வேண்டும்.

லிட்டர் கணக்கில் ஏமாறுவதும் உண்டு. கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மி.கி. லிட்டருக்கு 6,000 மி.கி. உப்புள்ள 10,000 லிட்டர் கழிவில் 20,000 லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் அளவு சுமார் 2,000-க்கு இறங்கி, சோதனையில் தேறிவிடும். ஆனால் ஆற்றில் இறங்கும் உப்பு முன்பு போலவே 60 கிலோ. ஆகவே அடர்த்தியோடு நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதையும் கேளுங்கள்.

நவீன இயந்திரம் வந்தால் மாசு குறையும் என்பது பாதி உண்மைதான். ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பழைய வின்ச் சாய இயந்திரத்தில், லிட்டருக்கு 60 கிராம் வீதம் 1.2 கிலோ உப்பு போகும். 6 லிட்டரில் முடியும் நவீன சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 360 கிராம். பெரிய சேமிப்பு. ஆனால் ஆர்டர் சுமார் 3.33 மடங்கைத் தாண்டினால் மொத்த உப்பு பழைய அளவையும் தாண்டிவிடும். சுத்தமான நுட்பத்தால் வரும் லாபத்தை உற்பத்திப் பெருக்கம் விழுங்குவது இப்படித்தான்.

உடுத்துபவர் ஐரோப்பாவில், கழிவு நொய்யல் கரையில். இறக்குமதி செய்யும் நாட்டின் எல்லைக்குள் மட்டும் அளந்து, வளர்ந்த நாடு சுத்தமாகிவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறுதான்.

ஜீரோ டிஸ்சார்ஜோடு எல்லாம் முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். மீட்ட உப்பில் ஒரு பகுதியே மறுபடி சாயத்துக்கு ஆகும். மிஞ்சும் கலப்பு உப்பை மழைநீர் படாமல் கிடங்கில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் அறிக்கையைப் பார்க்கும்போது வெளியேறும் நீரின் அளவோடு எரிபொருள் எத்தனை டன், கிடங்கில் சேர்ந்த உப்பு எத்தனை டன் என்ற இரண்டையும் தேடுங்கள்.