வாழைப்பழத்தின் பெயர் ‘சொல்லு’: காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. காது கேளாத அவனுக்கு, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தி ஒலியை உணரவைக்கும் காக்ளியர் கருவி இருக்கிறது. போன வாரம் அவனை மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் ஒலி அளவுகளை அவனுக்கேற்பச் சரிசெய்ய, அழைத்துச் சென்றிருந்தேன். எதிர் நாற்காலியில் ஓர் இளம் தாய், புதிதாகக் கருவி பொருத்திய மகளின் முகத்துக்கு நேரே பிஸ்கட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். “இது என்ன? சொல்லு. சொன்னால்தான் தருவேன்.” பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போலிருந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே திருத்திக்கொள்வீர்கள். இந்தச் ‘சொல்லு’ அப்படியல்ல.

பரீட்சை வைப்பது

மகனுக்கு இரண்டரை வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. காது நன்றாகக் கேட்கும் குழந்தையே ஏறக்குறைய ஒரு வருடம் கேட்டுக் கேட்டுத்தான் முதல் சொல்லுக்கு வருகிறது. கருவியை இயக்கிய அன்று இவனுடைய கேட்கும் வயதோ பூஜ்ஜியம். எனக்குப் பொறுமை இல்லை. பழம், பந்து, செருப்பு என எதை எடுத்தாலும் “சொல்லு, சொல்லு”தான். ஐந்தாம் மாதம் ஒருநாள் வாழைப்பழத்தை என்னிடம் நீட்டி, தெளிவாக “சொல்லு” என்றான். அதுதான் அதன் பெயர் என்று நினைத்திருக்கிறான். மாமியார் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

அதோடு முடியவில்லை. தமிழில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. வெறும் பெயர்களையே கேட்ட பிள்ளைக்கு வேற்றுமை உருபு எங்கிருந்து வரும்? “பழத்தை உரிக்கலாமா? தோலைக் கூடையில் போடு. பழத்தில் பாதி அப்பாவுக்கு” என்று உரிக்கும்போதே பேசியிருக்க வேண்டும். நான்கரை வயதிலும் அவன் “அப்பா கடை போ” என்றுதான் சொன்னான். அந்த ‘க்கு’ வந்து சேர மேலும் ஒரு வருடம் ஆயிற்று. நினைத்தால் இன்றும் என்மேல் எரிச்சல் வருகிறது.

கேட்டே ஆக வேண்டுமா? உங்களுக்கே பதில் தெரியாததைக் கேளுங்கள்: “தோசைக்குச் சட்னியா, சர்க்கரையா?” பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணியபடி வாய்மூடிக் காத்திருங்கள்.

பீரோவில் பத்திரப்படுத்துவது

குளியலும் தூக்கமும் தவிர மற்ற நேரமெல்லாம் கருவியின் வெளிப்பகுதி தலையில்தான் இருக்க வேண்டும்.

டிவி ஓடும்போது பேசுவது

அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

காலைச் சோதனையைத் தவிர்ப்பது

ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சொலிகள் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க உதவும் இந்த ஆறு லிங் ஒலிகளையும் தினமும் உதட்டை மறைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒருமுறை அவனுக்கு ‘ஸ்’ மட்டும் விழவில்லை. கவனமில்லை என்று இரண்டு நாள் அதட்டினேன். கருவியின் மைக் மூடியில் வியர்வையும் தூசியும் அடைத்திருந்தது.